ஓடைக்கரை வேட்டை: முதலும் வட்டியும்

வரலாறு என்றவுடன் நம் நினைவில் எழுவன அரியணைகளும் போர்க்களங்களுமே ஆகும். மன்னர் முடிசூடியதையும் படைகள் வென்றதையும் பாடநூல்கள் விரித்துரைக்கின்றன. தலையில் அணியும் தொப்பி ஒன்று ஒரு கண்டத்தின் வரலாற்றை மாற்றியமைக்கக் கூடும் என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இலண்டனிலும் பாரிசிலும் செல்வர்கள் விரும்பி அணிந்த ஒருவகைத் தொப்பிக்காக, வட அமெரிக்காவின் காட்டோடைகளில் பொறிகள் வைக்கப்பட்டன. அப்பொறிகள் விலங்குகளைக் குறைத்ததோடு நில்லாமல், பல இடங்களில் ஓடைகளின் நீரையும் வற்றச் செய்தன.

பொறி வைத்து மென்மயிர் விலங்குகளைப் பிடித்தல் மிகப் பழைய தொழில். அத்தொழில் சில இடங்களில் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நின்றது. வேறு சில இடங்களில் இருபது ஆண்டுகளுக்குள் ஓடைகளை வெறுமையாக்கிவிட்டுத் தானும் அழிந்தது. பொறியும் விலங்கும் ஒன்றாகவே இருக்க, விளைவு மட்டும் இவ்வாறு வேறுபட்டது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓடையும் அதன் குடிகளும்

மலைச்சாரலிலிருந்து இறங்கிவரும் பாறை நிறைந்த ஓர் ஓடையை மனக்கண்முன் கொண்டு வருவோம். பகலில் அது ஆளரவமற்றுக் கிடக்கும். இரவு வந்ததும் அதன் கரைகள் பெருவழிகளாகிவிடும். கல்லிடுக்குகளில் நன்னீர்க் கல்லிறால்களும் தவளைகளும் சிப்பிகளும் உண்டு. அவற்றைத் தேடி ரக்கூனும், மிங்க் என்னும் கீரியை ஒத்த சிறு விலங்கும், நீர்நாயும் வரும். மஸ்க்ராட் என்னும் நீர்வாழ் எலி கரையில் வளை தோண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பீவர் அங்கே அணை கட்டி வாழும்.

பாறைக்கரையில் நடப்பதற்கு இடம் குறைவு. பெரிய பாறை ஒன்று நீரை ஒட்டி நின்றால், அதைச் சுற்றிச் செல்ல ஒரே ஒரு வழிதான் இருக்கும். விலங்குகள் நாள்தோறும் அவ்வழியையே மிதிக்கும். பொறி வைப்போரின் கலை முழுவதும் இவ்வழியைக் கண்டறிவதில்தான் அடங்கியிருக்கிறது. சேற்றில் பதிந்த அடிச்சுவடும், பாறைமேல் கிடக்கும் கல்லிறால் ஓடும், கரை சறுக்கிய தடமும் அவருக்கு எழுத்துகள். அவர் அவற்றை வாசித்தறிந்த பின்னரே பொறியை எடுப்பார்.

இக்குடிகளுள் பீவரையும் ரக்கூனையும் ஒப்பிட்டு நோக்குவது நம் வினாவுக்குப் பெரிதும் துணைபுரியும். பீவர் கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. நன்கு வளர்ந்த விலங்கு முப்பது கிலோகிராம் வரை எடை பெறும். அது மரங்களைப் பல்லால் வெட்டி வீழ்த்தி, கிளையும் கல்லும் சேறும் கொண்டு ஓடையின் குறுக்கே அணை கட்டும். தேங்கிய நீரின் நடுவே குவிமாடம் போன்ற வீடு அமைக்கும். வீட்டின் வாயில் நீருக்கடியில் இருக்கும். தாயும் தந்தையும் அவ்வாண்டுக் குட்டிகளும் முந்தைய ஆண்டுக் குட்டிகளும் அங்கே ஒரே குடும்பமாக வாழும். ஏறத்தாழ இரண்டு வயதான பிறகே இளையவை பிரிந்து சென்று தனிக்குடும்பம் அமைக்கும். பீவரின் முகவரி நிலையானது. அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டைக் கண்டவர் குடும்பத்தையே கண்டவராவார்.

ரக்கூன் முற்றிலும் மாறானது. கண்களைச் சுற்றிக் கறுப்பு முகமூடியும், வளையம் வளையமாய் நிறம் மாறும் வாலும் உடைய இவ்விலங்கு மரப்பொந்திலோ பாறைப் பிளவிலோ தங்கும்; விரும்பியபோது இடம் மாறும். கிடைத்ததை உண்ணும். அதன் முன்னங்கால்கள் மனிதக் கைகளைப் போன்றவை. நீருக்கடியில் கல்லைப் புரட்டி, கண்ணால் காணாமலே விரல்களால் தடவி இரையை அறியும் ஆற்றல் அதற்கு உண்டு. வர்ஜீனியாவின் பவ்ஹாட்டன் மக்கள் பேசிய மொழியிலிருந்தே ‘ரக்கூன்’ என்ற பெயர் ஆங்கிலத்திற்கு வந்தது. கைகளால் சுரண்டுவது என்பது அதன் பொருள். செருமானியர் அதனைக் ‘கழுவும் கரடி’ என்றனர். பெண் ரக்கூன் ஓராண்டு நிறைந்ததுமே குட்டி ஈனக்கூடும். ஓடை வற்றினால் அது வயலுக்குப் போகும். வயல் அழிந்தால் ஊருக்குள் நுழையும்.

நிலைத்த வீடுடையது ஒன்று, நாடோடி மற்றொன்று. இரண்டின் தோலுக்கும் சந்தையில் விலை இருந்தது. இரண்டும் சந்தித்த ஊழோ வெவ்வேறானது.

தொப்பிக்கு ஏன் பீவர்?

பீவரின் உடலில் இருவகை மயிர் உண்டு. மேலே நீண்ட முரட்டு மயிர். அடியில் பஞ்சுபோன்ற மென்மயிர். அம்மென்மயிரின் இழைகளில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய செதில்கள் உள்ளன. வெப்பமும் ஈரமும் அழுத்தமும் சேரும்போது இவ்விழைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து உறுதியான கம்பளமாகும். அக்கம்பளத்தால் செய்த தொப்பி மழையில் நனைந்தாலும் வடிவம் குலையாது. மேற்கு ஐரோப்பாவில் இருந்த பீவர்கள் ஏற்கெனவே வேட்டையால் அருகிவிட்டமையால், தொப்பி செய்வோரின் பார்வை அட்லாண்டிக் கடலைக் கடந்தது.

வட அமெரிக்கப் பழங்குடியினர் பீவர்த் தோல்களை இணைத்துத் தைத்து, மயிர் உட்புறம் இருக்குமாறு போர்வையாக அணிந்து வந்தனர். ஓராண்டுக்கு மேல் அணிந்தபின் முரட்டு மயிர் உதிர்ந்து மென்மயிர் மட்டும் எஞ்சும். தொப்பி செய்வோர்க்கு மிகவும் உகந்தது அதுவே. எனவே புதிய போர்வையைவிடப் பழைய போர்வைக்கு ஐரோப்பிய வணிகர் கூடுதல் விலை தந்தனர். தாம் உடுத்திக் கழித்த ஆடையைப் பொன்போல் மதித்து வாங்குவோரைக் கண்டு அம்மக்கள் வியந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

1668ஆம் ஆண்டு ‘நான்சச்’ என்னும் சிறு கப்பல் இலண்டனிலிருந்து புறப்பட்டு ஹட்சன் விரிகுடாவின் தென்கோடியாகிய ஜேம்ஸ் விரிகுடாவை அடைந்தது. அதில் வழிகாட்டியாகச் சென்றவர் குரோசெய்யே என்னும் பிரெஞ்சுக்காரர். ரூப்பர்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் குளிர்காலத்தைக் கழித்த அக்குழுவினர், மறு ஆண்டு பீவர்த் தோல்களுடன் திரும்பினர். அதன் பயனாக 1670ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் இரண்டாம் சார்லசு மன்னர் ஹட்சன் விரிகுடா கம்பெனிக்குப் பட்டயம் வழங்கினார். எழுபது ஆண்டுகளுக்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் அரசியார் வழங்கிய பட்டயத்தை நாம் அறிவோம். அதே மரபில் வந்ததுதான் இதுவும். விரிகுடாவில் வந்து கலக்கும் ஆறுகள் பாயும் நிலம் அனைத்தின் வணிக உரிமையும் அக்கம்பெனிக்குத் தரப்பட்டது. அப்பரப்பு இன்றைய கனடாவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது. அங்கே வாழ்ந்த மக்களை எவரும் கேட்கவில்லை.

விரைவில் பீவரே நாணயமாயிற்று. நல்ல குளிர்காலத் தோல் ஒன்று ‘ஒரு பீவர்’ எனக் கணக்கிடப்பட்டது. துப்பாக்கிக்கு இத்தனை பீவர், கம்பளிக்கு இத்தனை பீவர், செப்புக் கெண்டிக்கு இத்தனை பீவர் என விலைப்பட்டியல்கள் எழுதப்பட்டன. மிங்க், நீர்நாய் முதலிய பிற தோல்களும் அவ்வளவையிலேயே மதிப்பிடப்பட்டன. இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரருக்குத் துப்பாக்கி மருந்தும் துணியும் கடனாகத் தரப்படும். வேனிலில் தோல் கொணர்ந்து கடனைத் தீர்க்க வேண்டும். முன்பணம் என்னும் சொல்லின் கனத்தை நம் தோட்டப்புற வரலாறு அறிந்தோர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

புலம் காத்தோரும் புலம் இழந்தோரும்

ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியில் வாழும் கிரீ மக்களிடையே ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரிய வேட்டைப் புலம் உண்டு. புலத்தின் மூத்தவர் எவ்வோடையில் எத்தனை பீவர் வீடுகள் உள்ளன என்பதை அறிந்திருப்பார். ஒரு பகுதியில் வேட்டையாடிய பின் அதைச் சில ஆண்டுகள் ஓய்வாக விட்டு வேறு பகுதிக்குச் செல்வது அவர்தம் மரபு. வங்கியிலிட்ட பணத்தின் வட்டியை எடுத்துச் செலவிட்டு, முதலைத் தொடாமல் வைத்திருப்பது போன்ற வாழ்க்கைமுறை இது.

ஆயினும் பழங்குடியினர் எல்லாரும் எக்காலத்தும் அளவறிந்தே வேட்டையாடினர் என்பது மிகையாகும். பிரெஞ்சு வணிகரும் ஆங்கில வணிகரும், பின்னர் மாண்ட்ரியலில் எழுந்த வடமேற்குக் கம்பெனியும் போட்டியிட்டபோது, அயல்புலத்தார் ஆற்றுவழியே உள்ளே நுழைந்தனர். 1781, 1782ஆம் ஆண்டுகளில் பெரியம்மை பரவி ஏராளமானோர் மாண்டனர். புலங்களைக் காத்த பெரியோரும் அவர்களோடு மறைந்தனர். ‘நாம் விட்டுவைத்த பீவரை நாளை அயலான் பிடிப்பான்’ என்ற நிலை வந்தபின், விட்டுவைப்பவன் ஏமாளியாகிறான். காவல் இல்லாத தோட்டத்தில் காய் பழுக்கும்வரை எவர் காத்திருப்பர்? பேராசையைவிட இந்த அச்சமே பல ஓடைகளை வெறுமையாக்கியது.

அதே காலத்தில் கருவியும் கூர்மை பெற்றது. முன்னர் மரக்கட்டையைத் தாங்கி நிறுத்தி, விலங்கு தொட்டால் விழுமாறு அமைத்த வீழ்பொறிகளே மிகுதி. குளிர்காலத்தில் பனிக்கட்டியைப் பிளந்து பீவர் வீட்டை உடைத்துப் பிடிப்பதும் உண்டு. அது பலர் சேர்ந்து செய்ய வேண்டிய கடும் உழைப்பு. இரும்புப் பொறி வந்ததும் தனியொருவர் ஓர் ஓடை முழுவதையும் வேட்டையாட முடிந்தது.

அதன் முறை எளியது. பீவர் கரையேறும் இடத்தில் நான்கு விரற்கிடை நீருக்கடியில் பொறி வைக்கப்படும். பொறியின் சங்கிலி ஆழ்நீரை நோக்கி நீட்டப்பட்டு, உலர்ந்த கழியொன்றில் பிணைக்கப்படும். பீவரின் வாலடிச் சுரப்பியிலிருந்து எடுத்த ‘காஸ்டோரியம்’ என்னும் மணப்பொருளில் ஒரு குச்சியைத் தோய்த்துப் பொறிக்கு மேலே நடுவர். தன் எல்லைக்குள் அயல் பீவர் வந்துவிட்டது என எண்ணி அதை முகர வரும் விலங்கு பொறியை மிதிக்கும். அஞ்சி ஆழ்நீரில் மூழ்கும். இரும்பின் எடையால் மீண்டும் மேலெழ இயலாது இறக்கும். வீட்டைக் காக்க வந்ததே அதன் முடிவாயிற்று.

இரும்புப் பொறியைப் பெருந்தொழிலாக வளர்த்த இடமும் வியப்புக்குரியது. நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா பகுதியில் செவல் நியூகவுஸ் என்பவர் 1820களில் கையால் பொறி செய்யத் தொடங்கினார். தனியுடைமையைத் துறந்து கூட்டு வாழ்வு நடத்திய ஒனைடா சமுதாயம் என்னும் சமயக் குழுவில் பின்னர் அவர் சேர்ந்தார். பொறிகளே அக்குழுவின் முதன்மை வருவாயாயின. பொறி வேட்டை பற்றிய கையேடு ஒன்றையும் அவர்கள் 1865இல் வெளியிட்டனர். பூமியில் சொர்க்கம் படைக்க முயன்றவர்கள் பொறி விற்றுப் பிழைத்தனர். அவர்தம் வழித்தோன்றிய நிறுவனம் பிற்காலத்தில் கரண்டியும் முட்கரண்டியும் செய்து புகழ்பெற்றது.

ஒரே மனிதரின் இரு கட்டளைகள்

1821இல் ஹட்சன் விரிகுடா கம்பெனியும் வடமேற்குக் கம்பெனியும் இணைந்தன. இணைந்த கம்பெனியின் வட அமெரிக்க நிருவாகத்தில் ஜார்ஜ் சிம்ப்சன் என்னும் ஆளுநர் தலைமை பெற்றார். நம் வினாவுக்கான தெளிவான விடையை இவருடைய செயல்களிலேயே காண்கிறோம்.

போட்டி ஒழிந்த வடபுலத்தில் சிம்ப்சன் பீவரைக் காக்க முற்பட்டார். ஒவ்வொரு நிலையத்திலும் வாங்கத்தக்க பீவர்த் தோல்களுக்கு வரம்பு விதித்தார். கோடையில் பிடித்த தோலை ஊக்குவிக்கலாகாது என்றார். மெலிந்த பகுதிகளில் இரும்புப் பொறியைத் தடுக்க முனைந்தார். பீவருக்கு மாற்றாக மஸ்க்ராட் முதலியவற்றைப் பிடிக்குமாறு தூண்டினார். இத்திட்டங்கள் எங்கும் முழு வெற்றி பெறவில்லை எனினும், நாளைய ஓடையைப் பற்றிய கவலை அவற்றில் இருந்தது.

அதே சிம்ப்சன் தென்மேற்கே வேறொரு கட்டளை பிறப்பித்தார். இன்றைய ஐடகோ மாநிலத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் பாயும் பாம்பாற்றின் நிலப்பகுதி, அக்காலத்தில் பிரிட்டனும் அமெரிக்காவும் உரிமை கோரிய பொதுப்புலமாக இருந்தது. அங்கே அமெரிக்க வேட்டைக்காரர் நுழைந்தால், அவர்களைப் பின்தொடர்ந்து குடியேறிகளும் வருவர் எனக் கம்பெனி அஞ்சியது. ஆகவே அந்நிலத்தின் பீவர் அனைத்தையும் பிடித்து அதைப் ‘பாலைவனம்’ ஆக்கிவிட வேண்டும் என்பது கட்டளை. 1824 முதல் 1830 வரை பீட்டர் ஸ்கீன் ஆக்டன் என்பவர் தலைமையில் படைபோன்ற வேட்டைக் குழுக்கள் ஆண்டுதோறும் சென்று ஓடை ஓடையாகத் துடைத்தன.

உரிமை உறுதியாக இருந்த இடத்தில் காக்கச் சொன்னவர், உரிமை ஐயத்திற்கிடமான இடத்தில் அழிக்கச் சொன்னார். மனிதர் ஒருவரே, காலமும் ஒன்றே. நாளை அந்த ஓடை யாருக்கு என்பதே அவருடைய அறத்தைத் தீர்மானித்தது.

அமெரிக்கத் தரப்பிலும் நிலைமை வேறன்று. 1825இல் வில்லியம் ஆஷ்லி தொடங்கிய ஆண்டுச் சந்தைகளுக்கு மலைவேட்டைக்காரர்கள் கூடினர். ஆண்டு முழுவதும் பனிநீரில் நின்று சேர்த்த தோலைக் கொடுத்து, சர்க்கரையும் மதுவும் வெடிமருந்தும் மிகுவிலைக்கு வாங்கினர். பலர் கடனோடு திரும்பினர். அதே 1825இல் ஆக்டனின் வேட்டைக்காரருள் இருபதுக்கும் மேற்பட்டோர் தங்கள் தோல்களுடன் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தனர். அங்கே தோலுக்கு விலை கூடுதல் என்பதே காரணம். கடனால் கட்டப்பட்டவனிடம் விசுவாசத்தை எதிர்பார்க்க முடியாது என்பதற்கு இது சான்று.

இவ்வாட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1830களில் பட்டுத் தொப்பி நாகரிகமாயிற்று. மென்மயிர் வணிகத்தில் பெருஞ்செல்வரான ஜான் ஜேக்கப் ஆஸ்டர் 1834இல் அத்தொழிலைவிட்டு விலகினார். கடைசி மலைச்சந்தை 1840இல் கூடியது. பாலைவனக் கொள்கையும் தன் நோக்கத்தில் தோற்றது. குடியேறிகள் பீவரைத் தேடி வரவில்லை, நிலத்தைத் தேடி வந்தனர். 1846ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி பாம்பாற்றுப் பகுதி அமெரிக்காவுக்குச் சென்றது. எதிரிக்குப் போகக்கூடாது என்று கிணற்றைத் தூர்த்தவன் கிணற்றையும் நிலத்தையும் ஒருங்கே இழந்த கதைதான் இது.

நீர் சொன்ன கணக்கு

பீவர் மறைந்தபின் நிகழ்ந்தவற்றைக் கம்பெனியின் கணக்கேடுகள் குறிக்கவில்லை. பழுது பார்ப்பார் இல்லாத அணைகள் உடைந்தன. தேங்கி நின்று மண்ணில் ஊறிய நீர் விரைந்தோடலாயிற்று. வேகமான நீர் ஓடையின் அடிமண்ணை அரித்தது. ஓடை ஆழ்ந்து, அதன் இருமருங்கிலும் நிலத்தடி நீர் தாழ்ந்தது. குளங்களை நம்பியிருந்த மஸ்க்ராட், நீர்நாய், வாத்து, மீன் ஆகியவையும் குறைந்தன. ஓடையில் வாழ்ந்த பிற மென்மயிர் விலங்குகளுக்கு உணவளித்த பண்ணையாளன் பீவரே என்பது அவன் போனபின் தெரிந்தது. வேட்டைக்காரர் உண்டது வட்டியை அன்று, முதலையே ஆகும்.

ஐரோப்பியர் வருமுன் வட அமெரிக்காவில் ஆறு கோடி முதல் நாற்பது கோடி வரை பீவர்கள் இருந்திருக்கலாம் என அறிஞர் மதிப்பிடுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை ஏறத்தாழ ஒரு இலட்சமாகக் குறைந்திருந்தன என்றும் கணிப்பர். இம்மதிப்பீடுகளில் ஏற்றத்தாழ்வு இருப்பினும், வீழ்ச்சியின் அளவை அவை உணர்த்துகின்றன.

மீட்சி

மீட்சி தொடங்கிய இடங்களுள் ஒன்று, 1668இல் ‘நான்சச்’ கப்பல் நங்கூரமிட்ட அதே ரூப்பர்ட் ஆற்று முகத்துவாரம் என்பது வரலாற்றின் விந்தை. 1920களின் இறுதியில் அங்கே பீவர் ஏறத்தாழ அற்றுப்போய்க் கிரீ மக்கள் பசியில் வாடினர். அந்நிலையத்தின் மேலாளராக இருந்த ஜேம்ஸ் வாட் என்பவரும் அவர் மனைவியார் மாட் வாட் என்பவரும் எஞ்சிய பீவர் வீடுகளைத் தொடாமல் விடும் திட்டத்தை முன்வைத்தனர். அம்மையார் கியூபெக் அரசிடம் சென்று மன்றாடினார். 1932இல் அப்பகுதி பீவர்க் காப்பிடமாயிற்று. கிரீ மூத்தவர்களே தத்தம் புலங்களின் வீடுகளை எண்ணிக் கணக்கு வைத்தனர். சில ஆண்டுகளில் பீவர் பெருகியது. பின்னர் எண்ணிக்கைக்கேற்ற அளவில் வேட்டை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வேட்டையைத் தடைசெய்ததைவிட, ‘இந்த ஓடை உன்னுடையது, நீ விட்டுவைப்பது உனக்கே மிஞ்சும்’ என்ற உறுதியை மீட்டுக் கொடுத்ததே அங்கே பயனளித்தது. பிரிட்டிஷ் கொலம்பியா முதலிய மாநிலங்களும் 1920கள் தொட்டுப் பொறித்தடங்களைப் பதிவுசெய்து, ஒவ்வொரு தடத்தையும் ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்தன.

அவ்வுறுதியும் அசைக்க முடியாததாக இருக்கவில்லை. 1970களில் ஜேம்ஸ் விரிகுடா ஆறுகளில் மாபெரும் மின் அணைகள் எழுந்தன. பீவரின் அணையால் வளர்ந்த புலங்கள் சில மனிதரின் அணையால் நீரில் மூழ்கின. கிரீ மக்கள் வழக்காடிப் போராடி 1975இல் உடன்படிக்கை ஒன்றை எய்தினர். அவர்தம் வேட்டை உரிமைகளும், வேட்டையையே வாழ்வாகக் கொண்ட குடும்பங்களுக்கு வருவாய் உதவியும் அதில் இடம்பெற்றன.

ஆக்டன் பாலைவனமாக்கச் சென்ற ஐடகோவிலும் ஒரு விந்தை நிகழ்ந்தது. 1948இல் அம்மாநில வேட்டை விலங்குத் துறையினர், ஊர்ப்புறத்தில் பிடித்த 76 பீவர்களை மரப்பெட்டிகளில் அடைத்து, போரில் எஞ்சிய வான்குடைகளைக் கட்டி, வானூர்தியிலிருந்து மலைக்காட்டில் இறக்கினர். தரையைத் தொட்டதும் பெட்டி தானே திறந்துகொள்ளும். ஒன்று தவிர மற்றவை பிழைத்து, அணை கட்டத் தொடங்கின. ஒரு நூற்றாண்டுக்கு முன் படை நடத்தி ஒழிக்க முயன்ற விலங்கை, வானூர்தி ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதாயிற்று. இன்று வட அமெரிக்காவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பீவர்கள் உள்ளன என மதிப்பிடப்படுகிறது.

நாடோடியின் வெற்றி

ரக்கூனின் கதைக்கு வருவோம். அதன் தோலும் பலமுறை நாகரிகமாயிற்று. 1920களில் அமெரிக்கக் கல்லூரி இளைஞர் நீண்ட ரக்கூன் மேலங்கி அணிந்து திரிந்தனர். 1954, 1955ஆம் ஆண்டுகளில் டேவி கிராக்கெட் என்னும் எல்லைப்புற வீரரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரால், வாலோடு கூடிய ரக்கூன் தொப்பிக்காகச் சிறுவர்கள் அடம்பிடித்தனர். 1970களின் பிற்பகுதியில் விலை மீண்டும் உயர்ந்தபோது, உழவரும் பள்ளி மாணவரும் ஓடைக்கரைகளில் பொறி வைத்தனர்.

ரக்கூனைப் பிடிக்கும் முறையும் அதன் இயல்பை அறிந்தே அமைந்தது. நீர்மட்டத்தில் கரையைக் குடைந்து, உள்ளே மீன்துண்டை வைத்து, வாயிலில் ஆழமற்ற நீரில் பொறியை மறைப்பர். பிற்காலத்தில் குறுகிய குழாய்ப் பொறி வந்தது. குழாய்க்குள் கைவிட்டு இரையைப் பற்றி இழுக்கும் விலங்கே அதில் சிக்கும். நாயின் பாதம் அதனுள் நுழையாது. தடவி அறியும் கையே பகையாகும் வகையில் அமைந்த பொறி அது.

இத்தனைக்குப் பின்னும் ரக்கூன் அழியவில்லை, பெருகியது. இருபதாம் நூற்றாண்டில் அது கனடாவின் சமவெளிகளுக்குள் வடக்கு நோக்கிப் பரவியது. நகரங்களின் குப்பைத் தொட்டிகள் அதற்குப் புதிய ஓடைகளாயின. செருமனியின் எடர் ஏரிப் பகுதியில் 1934ஆம் ஆண்டு இரண்டு இணைகள் காட்டில் விடப்பட்டன. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பெர்லினுக்கு அருகிலிருந்த மென்மயிர்ப் பண்ணை ஒன்றிலிருந்தும் சில தப்பின. அவற்றின் வழித்தோன்றல்கள் அந்நாட்டில் பெருகி, 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் தீங்கு தரும் அயல் இனங்களின் பட்டியலில் ரக்கூனைச் சேர்க்க நேர்ந்தது. பீவரை அழித்ததும் மனிதனின் தோலாசையே. ரக்கூனைக் கடல் கடத்திப் பரப்பியதும் அதே தோலாசையே.

பொறி வேட்டையின் கொடுமை பற்றிய எதிர்ப்பும் இந்நூற்றாண்டுக்கு முன்னரே வலுத்தது. காலைக் கவ்விப் பிடிக்கும் பொறியில் விலங்கு மணிக்கணக்கில் துன்புறுவதை எவரும் மறுக்க இயலாது. விரைந்து கொல்லும் பொறியை 1950களில் கனடிய வேட்டைக்காரரான ஃபிராங்க் கோனிபேர் என்பவரே உருவாக்கினார். ஐரோப்பிய நாடுகள் 1991இல் கால்கவ்வும் பொறியைத் தடைசெய்யச் சட்டமியற்றின. 1997இல் கனடாவும் உருசியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் பொறிகளுக்கான நெறிமுறைகளில் உடன்பட்டன. எனினும் அத்தடைகளால் எழுந்த விலைச்சரிவின் சுமை, நாகரிகம் நாடிய நகரத்தாரைவிட வடபுலப் பழங்குடியினர் மீதே மிகுதியாக விழுந்தது என்பதையும் நடுநிலையோடு கூறவேண்டும்.

நாம் கொள்ளத்தக்கது

ஹட்சன் விரிகுடா கம்பெனி 1987இல் தன் மென்மயிர் ஏலத்தை விற்றுவிட்டுப் பல்பொருள் அங்காடியாகத் தொடர்ந்தது. அந்த ஏல மரபில் வந்த வட அமெரிக்க மென்மயிர் ஏல நிறுவனம் 2019இல் கடன் சுமையால் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. கம்பெனியின் அங்காடிகளும் 2025ஆம் ஆண்டு சூன் மாதம் முதல் நாள் இறுதியாக மூடப்பட்டன. முந்நூற்றைம்பத்தைந்து ஆண்டுகள் நிலைத்த வணிகம் அத்துடன் ஓய்ந்தது. அது தொடங்கிய ரூப்பர்ட் ஆற்றங்கரையில் கிரீ மக்களின் ஊர் இன்றும் இருக்கிறது. வாஸ்ககானிஷ் என்பது அதன் பெயர். பீவரும் இருக்கிறது.

மாணவர்கள் இவ்வரலாற்றைப் படிக்கும்போது, வேட்டைக்காரர் கொடியவர் என்றோ கருவி கொடியது என்றோ எளிதில் முடிவு செய்துவிடலாகாது. அளவறிந்தவரும் அழித்தவரும் ஒரே கருவியைத்தான் கையாண்டனர். நாளைக்கும் தனக்குரியது என்ற உறுதி உள்ளவன் விதைநெல்லை உண்ணமாட்டான். அவ்வுறுதியைப் பறித்தவர்கள் தொலைவில், தொப்பி அணிந்து, கணக்கேட்டைப் புரட்டிக் கொண்டிருந்தனர். ஆறோ காடோ கடலோ எதுவாயினும், அதன் வளம் குன்றுகின்றது என்று கேள்விப்படும்போது முதலில் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு: அதன் கரையில் வாழ்பவனுக்கு அதன் நாளையில் பங்குண்டா? அப்பங்கை அவனிடமிருந்து எடுத்தவர் யார்? இவ்விரண்டையும் கேட்கக் கற்றுக்கொடுப்பதே வரலாற்றுப் பாடத்தின் பயனாகும்.